ஒரு ஸ்பிளெண்டர், ரெண்டு ஆள், 11 கிலோ

காசிமேட்டில் மீன் எடை போடும் தராசில் என் பையைத் தூக்கி வைத்தபோது 23 கிலோ காட்டியது.

"இன்னா மாமா, பாதி ஊட்டையே கட்டினு வந்துக்கீறே?" என்றான் மச்சான். பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த அக்கா, "வஞ்சிரமாப்பா, கிலோ இன்னா வெலை?" என்று கேட்டுச் சிரித்தார்.

இது பைக்கில் மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு வந்த பிறகு போட்ட எடை. போகும் வழியெல்லாம் வண்டி ஏன் அப்படித் தள்ளாடியது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று, அதே சாமானை அதே மாதிரி கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் இந்தத் தராசு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு கன்டெய்னர் யார்டில் 14 வருடமாக நான் பார்க்கிற வேலையே பெட்டிக்குள் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பதுதான். எடையைக் கீழே வை, நடுவில் வை, ஒரு பக்கம் சாய விடாதே என்று நாள் முழுக்கக் கத்துகிறவன் நான். யார்டில் யாருக்கும் இந்தக் கதையை இதுவரை சொல்லவில்லை.

வீடு தண்டையார்பேட்டை. வண்டி பழைய ஸ்பிளெண்டர், 100 சிசிக்கும் கொஞ்சம் கம்மி. மச்சான் என் மனைவியின் தம்பி, விசைப்படகில் போகிறவன். பொங்கலுக்கு அவனுக்கு நாலு நாள் ஓய்வு, எனக்கு இரண்டு நாள் லீவு. லாட்ஜுக்குக் கொடுக்கக் காசில்லை, இருந்தாலும் கொடுக்க மனசில்லை. டென்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவது என்று முடிவானது. ஆற்காடு, ஆரணி, போளூர், அப்புறம் மலை ஏறி ஜமுனாமரத்தூர். போக வர 450 கிலோமீட்டர். ஏன் அங்கே என்றால், அந்த மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள் என்றால் வானம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் இரவு முழுக்க துறைமுகத்து விளக்கு வெளிச்சம். நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல் மிஞ்சும்.

முதலில் கட்டுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் என்ன எடுத்துப் போவது என்றுதான் கேட்கிறார்கள். எடுத்துப் போவது வண்டியில் நிற்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் செய்த முதல் முட்டாள்தனம் லாரியில் சரக்கு கட்டுகிற ராட்செட் பெல்ட்டை எடுத்துப் போனது. டன் கணக்கில் சரக்கைப் பிடித்து நிறுத்துவதற்கு என்று செய்த சாமான் அது. ஸ்பிளெண்டரின் பின் கைப்பிடியில் மாட்டி நாலு இழு இழுத்தேன், சைடு பேனல் 'டப்' என்றது. அதை மாட்டும் காது உடைந்து இன்றைக்கும் கேபிள் டையில்தான் நிற்கிறது. அடுத்து நைலான் கயிறு. அது வாலாஜா வரைக்கும் நன்றாக இருந்தது. பைக்குள் இருக்கிற துணியும் அரிசியும் ஆட்டத்தில் அடங்கி உட்கார்ந்ததும் கட்டு தானாகத் தளர்ந்தது. கயிற்றுக்கு இழுத்துப் பிடிக்கத் தெரியாது. கட்டின நேரத்தில் இருந்த நீளம்தான் அதற்கு எப்போதும்.

சரியான சாமான் பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள், டீக்குக் காசு கொடுத்தால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொண்டால் இரண்டு கயிறு. மூட்டை அடங்க அடங்க அதுவும் சுருங்கிப் பிடித்துக்கொண்டே வரும். எங்கள் பக்கம் தண்ணீர் கேன் போடும் பையன்கள் டிவிஎஸ் எக்ஸெல்லில் இதைத்தான் கட்டியிருப்பார்கள். தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு விற்கிறார்கள், வேண்டாம். கை நழுவினால் அந்தக் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும்.

பைக்குத் தனியாகச் செலவே செய்யவில்லை. 25 கிலோ அரிசிப் பை இரண்டை எடுத்து, படகுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். நடுவில் ஒரு பட்டை வைத்து, சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி தைத்துத் தர 300 ரூபாய் வாங்கினார். "சைலன்சர் பக்கம் ஏதாவது தடுப்பு வெச்சுக்கோப்பா" என்று அப்போதே சொன்னார். நான் தலையாட்டினேன். ஆரணி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது வலது பக்கம் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே இருந்த கைலியிலும் அதே அளவு ஓட்டை. அதற்குப் பிறகு பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, கம்பி போட்டு சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை செய்கிறது.

எடையை வைப்பதில் ஒரே விதிதான். கனமானது பின் சக்கரத்தின் அச்சுக்கு முன்னால், முடிந்தவரை கீழே. முதல் தடவை தண்ணீர் கேன், அடுப்பு, டூல்ஸ் எல்லாவற்றையும் மச்சான் முதுகுக்குப் பின்னால் கேரியரில் உயரமாக அடுக்கினேன். சமவெளியில் தெரியவில்லை. மலை ஏறும்போது முன் சக்கரம் இலேசாகிவிட்டது. திருப்பத்தில் ஹேண்டில் நான் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் மச்சான் இறங்கி நடந்து வந்தான். டென்ட், ஃபோம், துணி மாதிரி பஞ்சு எடைச் சாமான் எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். இரும்பும் தண்ணீரும் கீழே. பின் டயரில் காற்றை, இரண்டு ஆள் போனால் எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். பங்க் பையன் கை போன போக்கில் அடிப்பதை நம்ப வேண்டாம்.

சரி, படுக்கை.

ஆன்லைனில் 1,700 ரூபாய்க்கு டென்ட் வாங்கினேன். இரண்டு பேர் டென்ட் என்று போட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருக்களித்துப் படுத்து, ஒருத்தன் திரும்பும்போது மற்றவனும் திரும்பினால் சரியாக இருக்கும். வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். கீழ் வீட்டு ஆயா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் அட்வான்ஸ் உண்டா?" என்று கேட்டார். கேலி செய்தால் செய்யட்டும், ஒரு தடவையாவது வீட்டில் விரித்துப் பாருங்கள். இருட்டில், காற்றில், பசியோடு முதல் முதலாக அந்தக் கம்பிகளைக் கோத்துக்கொண்டிருக்கக் கூடாது. கூட வரும் கம்பி ஆணிகள் ஒப்புக்குத்தான், கல்லில் பட்டால் வளைந்துவிடும். மண்ணடியில் ஆறு அங்குல ஆணி நாலு வாங்கிக்கொண்டேன். மற்ற மூலைகளைக் கல்லில் கட்டினால் போதும்.

டென்ட் எல்லாம் கொசுவுக்கும் காற்றுக்கும்தான். குளிர் வருவது கீழே இருந்து. மெட்ராஸ்காரனுக்கு இது தெரியாது. நமக்குத் தரை என்றால் வெயில் காலத்தில் பாய் போட்டுப் படுத்தால் ஜில்லென்று சுகமாக இருக்கும் ஒரு இடம். நான் கோரைப்பாய், அதற்கு மேல் ஜமக்காளம், போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி என்று எடுத்துப் போனேன். அந்த இரண்டு கம்பளியே நாலு கிலோ. ஜனவரி இரவு, இரண்டு மணி இருக்கும், முதுகு மட்டும் ஐஸ் கட்டியில் வைத்த மாதிரி. மேலே இரண்டு கம்பளி, உள்ளே ஸ்வெட்டர், தலையில் குல்லா. ஒன்றும் பிரயோஜனம் இல்லை. உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்க நடுவில் காற்று அடைத்த ஏதாவது ஒன்று வேண்டும். பாயும் துணியும் நம் எடையில் நசுங்கித் தட்டையாகிவிடும். கடைசியில் மச்சான் எழுந்து போய், தோட்டத்துக்காரர் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலில் இரண்டு கட்டு கேட்டு வாங்கி வந்து பாய்க்கு அடியில் பரப்பினான். அப்புறம்தான் தூக்கம்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், யார்டில் மெஷின் பாகங்களைச் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் ஷீட் கண்முன்னால் மலையாகக் கிடக்கிறது. பாரிமுனைப் பக்கம் பேக்கிங் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு மீட்டர், விரல் கனம், இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சுருட்டினால் மட்டும் தலையணை மாதிரி பெரிதாக இருக்கும். மழைத்தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இதை வாங்கியதும் கம்பளி இரண்டும் வீட்டோடு நின்றுவிட்டன. இப்போது ஆளுக்கு ஒரு போர்வைதான். செலவு செய்ய 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால், முதுகுக்கு அடியில் போடுங்கள். டென்ட்டைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த முதல் இரவில் இன்னொன்றும் நடந்தது. விடிகாலையில் மூக்கில் சொட்டு சொட்டாகத் தண்ணீர். மழை என்று நினைத்து வெளியே தலையை நீட்டினால் வானம் நிறைய நட்சத்திரம். யார்டில் இதற்குப் பெட்டி வேர்க்கிறது என்று பெயர். பகலில் ஈரக் காற்றோடு பெட்டியை மூடி சீல் வைத்துவிட்டால், இரவில் மேல் தகடு குளிர்ந்து உள்ளே இருக்கும் ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கட்டிச் சரக்கின் மேல் சொட்டும். அதற்காகத்தான் உள்ளே உப்புப் பை தொங்க விடுவோம். குளிருக்குப் பயந்து ஜன்னல், ஜிப் எல்லாவற்றையும் மூடி, இரண்டு ஆள் ராத்திரி முழுக்க மூச்சு விட்டால் டென்ட்டும் ஒரு பெட்டிதானே. எதிரெதிரே இரண்டு பக்கம் நாலு விரல் திறந்து வைத்தால் போதும், அடுத்த நாள் சொட்டவில்லை. இதே காரணத்துக்காக அடுப்பை மட்டும் எந்தக் குளிரிலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஈரமாவது மூக்கில் சொட்டி எழுப்பும். அடுப்புப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

அடியில் விரிப்பதற்குத் தனியாக ஒரு ஷீட் விற்கிறார்கள், 400 ரூபாய். எங்களுக்கு அது ஃப்ளெக்ஸ் பேனர். எங்கள் பக்கம் காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பேனர் உண்டு. முடிந்ததும் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். மச்சான் மகளுக்குக் காது குத்தியபோது வைத்த எட்டுக்கு ஆறு பேனர் கிடைத்தது. தண்ணீர் இறங்காது, முள் குத்தாது. படம் இருக்கும் பக்கத்தைத் தரையைப் பார்த்துப் போடச் சொன்னேன். சொந்தக்காரர்கள் முகத்தின் மேல் படுக்கக் கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு கவனம். பேனர் டென்ட்டின் அடிப்பாகத்தை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மே மாதம் போனபோது ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை. கோடை மழை அரை மணி நேரம் அடித்தது. கூரையில் விழுந்த தண்ணீர் வழிந்து பேனரில் விழுந்து, நேராக எங்களுக்கு அடியில் வந்து சேர்ந்தது. தொட்டில் கட்டின மாதிரி தண்ணீர் மேல் மிதந்தோம். ஓரத்தை உள்ளே மடித்து விடுங்கள்.

மே மாதம் ஏன் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் வலை பின்னிக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் இருப்பான். "கடல்ல பத்து நாள் கெடக்கறோம், எஞ் சாமான் மொத்தமும் ஒரு பக்கெட்டுல அடங்கிடும் மாமா" என்று அவன் சொன்னதை இரண்டாவது தடவைதான் காதில் வாங்கினேன்.

பக்கெட் என்று அவன் சொன்னது 10 லிட்டர் பெயிண்ட் பக்கெட், மூடியோடு. இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். சமையல் கட்டு மொத்தமும் அதற்குள். ஒரு சின்ன அலுமினியக் குண்டான், அதற்குள் அடுப்பின் தலை, டம்ளர் இரண்டு, கத்தி, தீப்பெட்டி, உப்பு, ரவை. மூடியை அழுத்தினால் தண்ணீரும் எறும்பும் போகாது. போன இடத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தால் தண்ணீர் மொள்ள, கவிழ்த்துப் போட்டால் முக்காலி, துணி துவைக்க, காலையில் காட்டுப் பக்கம் போக. (கடைசி வேலைக்குப் பிறகு நன்றாகக் கழுவுங்கள். தகராறு வருவது அதில்தான்.)

முதல் தடவை பக்கெட் இல்லாமல் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரன் கூட வருகிறான், கருவாடு இல்லாமலா? அரைக் கிலோ நெத்திலியை நியூஸ் பேப்பரில் சுற்றித் துணிப் பைக்குள் வைத்துவிட்டான். ராத்திரி பதினொரு மணிக்குத் தோட்டத்து நாய் வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம் வந்தது. டென்ட்டைச் சுற்றி மூக்கை வைத்து உறிஞ்சுகிற சத்தம் துணிக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில். கடைசியில் கருவாட்டை வெளியே எறிந்த பிறகுதான் நிம்மதி. அந்த டென்ட்டை இரண்டு தடவை துவைத்தாயிற்று, வெயில் ஏறினால் இன்னமும் காசிமேட்டு வாசனை. நாய் வந்ததோடு போயிற்று. ஜவ்வாது மலையில் கரடி உண்டு.

சாப்பாட்டுக்கு இப்போது நாங்கள் எடுத்துப் போவது என் மனைவி வறுத்துக் கொடுக்கும் ரவை. கடுகு, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளித்து, ரவையையும் அதிலேயே சிவக்க வறுத்து ஆற வைத்துப் பாக்கெட் போட்டால் நாலு நாள் தாங்கும். தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. கேஸ் மிச்சம். குக்கர், பருப்பு, அஞ்சறைப் பெட்டி என்று முதல் தடவை எடுத்துப் போனதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மதியச் சாப்பாடு எப்படியும் வழியில் கடையில்தான். சின்ன கேஸ் டப்பா ஒன்று இரண்டு நாள் டீக்கும் உப்புமாவுக்கும் தாராளம். விறகு மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் காய்ந்த மலையில் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியவில்லை.

துணி விஷயத்தில் கைலிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஓட்டை விழுந்ததையும் சேர்த்து ஆளுக்கு இரண்டு. குளிக்க, துவட்ட, மறைவாக உடை மாற்ற, சூடான குண்டானை இறக்க, வெயிலில் தலைக்கு, ராத்திரி போர்வைக்குள் இன்னொரு அடுக்கு. மற்ற துணிகளை அதற்குள் திணித்து இரண்டு முனையையும் முடிந்தால் தலையணை. ஜீன்ஸ் ஒன்று, அது உடம்பில் இருப்பது. ஈரமானால் அது காயாது, அதனால் இரண்டாவது ஜீன்ஸ் எடுப்பது வீண். ராத்திரிக்கு என்று ஒரு பனியன், ஒரு ஜோடி சாக்ஸ் மட்டும் பாலிதீன் பையில் கட்டித் தனியாக இருக்கட்டும். என்ன மழை பெய்தாலும் படுக்கும்போது அது காய்ந்திருக்கும்.

டூல்ஸ். வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஒரு டியூப், கைப் பம்ப், இன்சுலேஷன் டேப், கேபிள் டை பத்து, எம்சீல் ஒன்று. கிளட்ச் கேபிளை மட்டும் பையில் வைக்காதீர்கள். புதுசு ஒன்றை இப்போது இருக்கும் கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி டேப் சுற்றி வைத்துவிட்டால், அறுந்த இடத்திலேயே இரண்டு முனையையும் மாட்டிவிட்டுக் கிளம்பலாம். டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. எங்கள் தெரு மெக்கானிக் சொல்லிக் கொடுத்தது. பர்மா பஜாரில் 180 ரூபாய்க்கு நெற்றியில் மாட்டும் டார்ச் வாங்கினேன். இரண்டு கையும் சும்மா இருப்பதன் அருமை இருட்டில் பஞ்சர் ஒட்டும்போது தெரியும். சாதா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், எங்களுக்கு ஒரு தடவை தேள் விழுந்தது. மாத்திரை, ஓஆர்எஸ், கொசு மருந்து எல்லாரும் எடுப்பதுதான்.

இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது. நாங்கள் இரண்டு தடவையும் நாலு மணிக்கே ஒரு தோட்டத்துக்காரரிடம் போய்க் கேட்டோம். இருட்டின பிறகு இரண்டு ஆள் வண்டியில் வந்து நின்றால் யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். 200 ரூபாய் கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது அவரிடமே மூன்று கிலோ சாமை வாங்கிக்கொண்டோம். அம்மா அதைப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்து எப்போது போகிறாய் என்று கேட்கிறாள்.

டென்ட், அடுப்பு, கேஸ், ஃபோம், டார்ச், பை தைத்த கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 3,300 ரூபாய்க்குள் முடிந்தது. பெட்ரோல் ஒரு தடவைக்கு எட்டு லிட்டர் சொச்சம். மே மாதம் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி அதே தராசுக்குப் போனேன். தடைக்காலம், மார்க்கெட்டில் கூட்டம் இல்லை. பக்கெட், டென்ட், ஃபோம், துணி எல்லாம் சேர்த்து 11 கிலோ. மச்சான் தராசைக் கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை.

மலையில் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

திரும்பி வந்ததும் சேறு போக அலசி, பேனரை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டிருந்தேன், படம் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி. தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்த என் மாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். பேனரில் தாய்மாமன் வரிசைக்கு மேலே வட்டத்துக்குள் சிரிப்பது அவரேதான். ஆணி மூலையில் குத்தின ஓட்டை சரியாக அவர் நெற்றியில்.

வேறு பேனர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் ஒன்று இருக்கிறது, பத்துக்கு எட்டு. விசேஷம் அடுத்த வாரம்தான் முடிகிறது.